வெள்ளைப் பட்டையில் சிவப்பு இறங்காமல் இருக்க...

கேள்வி: சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் வைத்துக் கம்பளி ஸ்வெட்டர் பின்ன இருக்கிறேன். நூலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்கிறார்கள். சரியா?

பதில்: போகிற சாயம் உப்பால் நிற்காது. சாயமேற்றும்போது நூலைப் பிடிக்காமல் மேலாகத் தங்கிவிட்ட உபரிச் சாயம்தான் பின்னால் இறங்குகிறது. அதைப் பின்னுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். பின்னி முடித்தபின் சிவப்பை மட்டும் தனியாகக் கழுவ வழியில்லை.

முதலில் சோதனை. சிவப்பு நூலில் ஒரு சாண் வெட்டி, வெள்ளை நூலோடு முறுக்கி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு பிரிக்காமல் அப்படியே காயவிடுங்கள். தண்ணீர் சிவந்திருந்தாலும் வெள்ளை நூல் வெள்ளையாகவே இருந்தால் தைரியமாகப் பின்னலாம்.

வெள்ளை நூலில் சாயம் ஏறினால், சிவப்பு நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். 100 கிராம் நூலுக்கு 3 லிட்டர் தண்ணீர், 3 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் புளிப்போடு வினைபுரியும். நனைத்த சிட்டத்தை ஆறிய தண்ணீரிலேயே போட்டு, மெதுவாகச் சூடேற்றி, கொதிக்க விடாமல் 80 முதல் 85 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். கிளறவே கூடாது. அடுப்பை அணைத்து, அதே தண்ணீரில் முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அலசினால் கம்பளியின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, நூல் திரண்டு கட்டிதட்டிவிடும். ஆறிய தண்ணீர் தெளிந்திருந்தால் சாயம் பிடித்துவிட்டது. இன்னும் சிவப்பாக இருந்தால், ஆறிய நூலின் அதே சூட்டிலுள்ள தண்ணீரில் துளி சோப்பு விட்டு, தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள்.

கேள்வி: பருத்தி நூலுக்கும் வினிகர் போடலாமா?

பதில்: வேண்டாம். புளிப்பால் சாயம் பிடிப்பது கம்பளி, பட்டு, நைலான் போன்றவற்றில்தான். ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிவினையால் பிணையும் சாயம்) ஏற்றிய பருத்தி நூலை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, உப்பையும் காரத்தையும் போக்குங்கள். அடுத்து 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். ஒட்டாத சாயம் சூட்டில்தான் வெளியேறும். அப்படிப் பிணையாமல் இழையில் ஒட்டி மட்டும் நிற்கும் டைரக்ட் சாயமாக இருந்தால் எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு டை ஃபிக்ஸர் என்ற, சாயத்தை நூலில் பிடித்து நிறுத்தும் மருந்து உதவும், ஆனால் சில நிறங்கள் அதன்பின் வெயிலில் சீக்கிரம் வெளிறும்.

கேள்வி: துவைத்ததில் வெள்ளைப் பகுதி ரோஸ் நிறமாகிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: காயவிடாதீர்கள். உடனே நிறையத் தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்புத் திரவம் கலந்து அமிழ்த்துங்கள். நிறம் தெரியத் தெரியத் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் பிளீச் கம்பளியையே அரித்துவிடும், தொடாதீர்கள். அடுத்த முறை துவைத்ததும் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, மடிப்பில்லாமல் விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்துக் கிடக்கும்போதுதான் ஒரு நிறம் இன்னொன்றில் அதிகம் ஏறுகிறது.