டிரேக்கா, மகெல்லனா? உங்கள் மகளின் கட்டுரைக்கு ஒரு பதில்

வணக்கம். "உலகைக் கடல்வழியே முதலில் சுற்றியவர் டிரேக்" என்று மகள் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு மகெல்லன் என்று திருத்தியிருக்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். கறாராகப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை. ஸ்பெயினுக்காகப் பயணத்தைத் தொடங்கிய மகெல்லன் 1521இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் நடந்த சண்டையில் இறந்துவிட்டார். மீதிப் பயணத்தை முடித்து, 1522இல் 'விக்டோரியா' கப்பலை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அதே பயணத்தில் இருந்த மாலுமி எல்கானோ. ஆங்கிலேய மாலுமியான டிரேக் கிளம்பியதே 1577இல்தான்.

அதற்காக டிரேக்கை அடியோடு நீக்க வேண்டாம். தொடக்கம் முதல் கடைசிவரை தானே தலைமை தாங்கி உலகைச் சுற்றித் திரும்பிய முதல் தளபதி அவர்தான். 5 கப்பல்களோடு போனார். முழுச் சுற்றையும் முடித்தது 'கோல்டன் ஹைண்ட்' மட்டும். வழியில் ஒரே ஒரு ஸ்பானியக் கப்பலிலிருந்து அள்ளிய வெள்ளி மட்டும் சுமார் 26 டன். அதனால் வெறும் ஆய்வுப் பயணம் என்று எழுத வேண்டாம், பாதி கொள்ளைதான். 1580 ஜனவரியில் சுலவேசி அருகே கப்பல் பாறையில் ஏறிக்கொண்டபோது, எடையைக் குறைக்க 3 டன் கிராம்பையும் 8 பீரங்கிகளையும் கடலில் தள்ளினார்கள். வெள்ளியைத் தள்ள மனம் வரவில்லை போலும்!

அப்புறம், கட்டுரைத் தலைப்பு டியூடர் காலம் (இங்கிலாந்தை டியூடர் வம்சத்தினர் ஆண்ட காலம்) என்பதால் ஜான் கேபட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். இத்தாலியர்தான், ஆனால் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் அனுமதியோடு 1497இல் பிரிஸ்டலிலிருந்து 'மேத்யூ' கப்பலில் போய் வட அமெரிக்கக் கரையைத் தொட்டவர். மதிப்பெண் விஷயமாக ஆசிரியரைப் பார்த்தால், எல்கானோ பெயரைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.