கம்ப்யூட்டர் ரம்மி பக்கத்துக்கே ஓடுதுங்களா? ஃபார்மட் பண்ண அவசரப்படாதீங்க

திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கறவரு கேட்டிருக்காருங்க: ஆபீஸ் கம்ப்யூட்டர்ல குரோம்ல எதைத் தேடுனாலும் ரம்மி, லோன்னு விளம்பரப் பக்கத்துக்கு இழுத்துட்டுப் போகுது, சர்வீஸ்காரர் ஃபார்மட் பண்ணோணும்ங்கறாரு, டேலி டேட்டா பூரா அதுலதான் கெடக்கு, என்ன பண்றதுன்னு.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துன கதையாயிருமுங்க. டேலி பேக்கப்பை மட்டும் பென் டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், என் மூணையும் சேத்தி அமுக்குங்க, இன்காக்னிட்டோங்கற தனி விண்டோ தொறக்கும். நாமளா அனுமதி குடுத்தாலொழிய எக்ஸ்டென்ஷன், அதாவது குரோம்ல கூடுதலா ஏத்தற குட்டி புரோகிராம், எதுவும் அதுல ஓடாது, அதனால அங்க ஒழுங்கா தேடுதுன்னா திருடன் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான்.

அவிநாசில எங்க மச்சான் ஆபீஸ்ல இப்படித்தான் ஆச்சு. பையர் அனுப்புன ஆர்டரை பிடிஎஃப்ல இருந்து எக்செலுக்கு மாத்தறதுக்குன்னு பையன் ஒருத்தன் என்னத்தையோ ஏத்தியிருக்கான், குரோம் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துல அதோட டீடெய்ல்ஸ்ல போயி பாத்தா எல்லா சைட்லயும் இருக்கறதைப் படிக்கவும் மாத்தவும் அனுமதி வாங்கி வெச்சிருக்குது, ஒரு பிடிஎஃப் மாத்தறதுக்கு எதுக்குங்க அத்தனை அனுமதி? தூக்குனோம், நின்னுச்சு. அடுத்த நாள் காலைல மறுக்கா வந்துருச்சு! அதே ஜிமெயில் வீட்டு லேப்டாப்லயும் சிங்க் ஆயிட்டு இருந்துருக்கு, ரெண்டுலயும் எடுத்த பொறவுதான் தொல்லை விட்டுச்சு. அப்படி ஒண்ணு உங்களுதுல இருந்து, அதுலயே பேங்க் பாஸ்வேர்டும் அடிச்சிருந்தீங்கன்னா, வேற போன்ல இருந்து அதை மாத்திருங்க.

தேடாமயே மூலைல விளம்பரம் வந்து குதிக்குதுன்னா அது வேற, எங்கயோ அலவ் அமுக்கியிருப்பீங்க. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ், அங்க தெரியாத பேரெல்லாம் பிளாக் பண்ணுங்க.

இன்காக்னிட்டோலயும் இழுக்குதுன்னா போன் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருங்க. அதுல சரியா இருந்தா ரவுட்டர்ல டிஎன்எஸ், அதாவது சைட் பேரை வெச்சு எங்க போகோணும்னு வழி காட்டற செட்டிங், அதை யாரோ மாத்திருக்க வாய்ப்பிருக்கு, ரவுட்டரை ரீசெட் பண்ணி அட்மின் பாஸ்வேர்டையும் மாத்தோணும், கனெக்ஷன் குடுத்தவரைப் பக்கத்துல வெச்சுட்டு பண்ணுங்க, இல்லாட்டி நெட்டே போயிரும்.

ஹாட்ஸ்பாட்லயும் அதே கதைன்னா விண்டோஸ்ல ஏத்தின புரோகிராமைத் தேதி வாரியாப் போட்டு, தொல்லை ஆரம்பிச்ச நாள்ல வந்ததை எடுங்க. குரோமையும் ரீசெட் பண்ணலாம், புக்மார்க்கும் சேவ் பண்ண பாஸ்வேர்டும் போகாது. அதுக்கும் அடங்கலைன்னா சர்வீஸ்காரரைக் கூப்புடுங்க, அவரு சொன்னபடியே ஃபார்மட் பண்ணிக்கலாம்.