புகைக்குள் மூன்றாவது ஆள்: தீயணைப்பு நிலையக் காதலும் ஆவியும் – கேள்வி பதில்

தீயணைப்பு நிலையத்தில் உடன் பணிபுரியும் இருவரின் காதலையும், அவர்களுடைய சிற்றூரில் உலவும் ஆவியையும் ஒரே கதையில் எழுத விரும்புவோர் அனுப்பிய கேள்விகள் இவை. நான் தீயணைப்புப் பணியில் நீண்ட காலம் இருந்தவன். காதல் கதைகளையும் பேய்க்கதைகளையும் சம ஆசையுடன் வாசிப்பவன். ஆகவே தொழில் பற்றிய ஐயங்களுக்கும் கதை பற்றிய ஐயங்களுக்கும் சேர்த்தே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எரியும் வீட்டுக்குள், தீயின் வெளிச்சத்தில் நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சியோடு என் கதை தொடங்குகிறது. இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. எரியும் வீட்டின் உட்புறம் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். மெத்தையும் மரச்சாமானும் பிளாஸ்டிக்கும் எரிவதால் எழும் கரும்புகை கூரையடியில் தேங்கி, அடுக்கடுக்காகக் கீழே இறங்கும்; சில நிமிடங்களில் கைவிளக்கின் ஒளி ஒரு முழ தூரம்கூடச் செல்லாது. அதனால்தான் நாங்கள் தவழ்ந்து போகிறோம். முன்னால் செல்பவர் ஒரு கையைச் சுவரில் வைத்தபடி நகர்வார். பின்னால் வருபவர் அவருடைய காலணியைப் பற்றிக்கொண்டிருப்பார். முகக்கவசத்தின் வழியே வரும் குரல் சிதைந்து ஒலிக்கும் என்பதால் நில், போ, திரும்பு என்பவை எல்லாம் தோளில் தட்டும் தட்டல்களாக மாறிவிடும்.

கண்டதும் காதல் என்று எழுதிப் பழகிய நமக்கு இது நல்ல வாய்ப்பு. காணாமலே, கையால் மட்டும் அறிந்துகொள்ளும் காதல் இது. தன் கணுக்காலைப் பற்றியிருந்த பிடி நழுவுவதை அவள் உணர்கிறாள். திரும்பிப் பார்த்துப் பயனில்லை என்பதால் அசையாமல் காத்திருக்கிறாள். பிடி மீண்டும் வருகிறது, முன்பைவிடச் சற்று இறுக்கமாக. வெளியே வந்து கவசத்தைக் கழற்றிய பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. தொடக்கக் காட்சிக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: ஆவி முதன்முதலில் எப்படித் தோன்ற வேண்டும்? வெண்புகை உருவமாகக் காட்டலாமா?

பதில்: புகைக்கு நடுவே வாழும் மனிதர்களுக்குப் புகை உருவத்தால் எந்த அச்சமும் வராது. எங்களை நடுங்க வைப்பது எண்ணிக்கை பிசகுவதுதான். உள்ளே இருவர் சென்றால் இருவர் திரும்பி வர வேண்டும். 1958-ஆம் ஆண்டு லண்டன் ஸ்மித்ஃபீல்டு கோழி இறைச்சிச் சந்தையில் பற்றிய தீயில், நிலவறைக்குள் வழிதவறிய இரண்டு வீரர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகே, உள்ளே செல்லும் ஒவ்வொருவரும் தம் பெயரும் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரின் அழுத்தமும் குறித்த ஒரு வில்லையை வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டுச் செல்லும் முறை பிரிட்டனில் உறுதிப்பட்டது. யார் உள்ளே இருக்கிறார், எப்போது அவருடைய காற்று தீரும் என்பதை அந்தப் பலகையைப் பார்த்தே வெளியில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

இப்போது இதை உங்கள் கதைக்குள் கொண்டு வாருங்கள். அவள் முன்னால் தவழ்கிறாள். அவன் அவளுடைய காலணியைப் பிடித்திருக்கிறான். அவனுடைய காலணியையும் ஒரு கை பிடித்திருக்கிறது. உதவிக்கு வேறொருவர் வந்துவிட்டார் என்றே அவன் எண்ணுகிறான், நிம்மதியும் அடைகிறான். வெளியே வந்து பார்த்தால் பலகையில் இரண்டு வில்லைகள் மட்டுமே தொங்குகின்றன. ஆவி என்ற சொல்லே இல்லாமல் ஆவி வந்துவிட்டது.

இதற்கு நிகரான உண்மை நிகழ்வும் உண்டு. 1916 மே மாதத்தில் அண்டார்டிகா பயணிகளான ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, கிரீன் ஆகிய மூவரும் தெற்கு ஜார்ஜியத் தீவின் பனிமலைகளை ஏறத்தாழ 36 மணி நேரம் நடந்து கடந்தார்கள். தங்களுடன் நான்காவது ஒருவர் நடந்து வந்ததாகத் தோன்றியதைப் பின்னர் அவர்கள் வெளியிட்டார்கள். களைப்பும் உயிராபத்தும் எல்லை கடக்கும்போது மனம் துணைக்கு ஓர் ஆளை உண்டாக்கிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். உங்கள் கதையில் அந்த விளக்கத்தை நாயகன் நம்பட்டும். நாயகி நம்ப வேண்டாம். காதலர்களுக்கு இடையே சண்டை வர இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கேள்வி: தெர்மல் கேமராவில் ஆவி தெரிவதாக எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் கருவியைப் புரிந்துகொண்டு எழுதுங்கள். அது வெப்பத்தைப் படமாக்குகிறது. புகைக்குள் ஊடுருவும், கண்ணாடிக்குள் ஊடுருவாது. சன்னல் கண்ணாடியை நோக்கிப் பிடித்தால் வெளியே இருப்பது தெரியாது, பிடித்திருப்பவரின் உருவமே எதிரொளியாகத் தெரியும். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் அறைக்குள் ஒருவர் நிற்கிறார் என்று கத்துவதும், அது தம் உருவமே என்று பிறகு அறிவதும் உண்டு. ஆகவே உங்கள் நாயகி முதல் முறை ஏமாறட்டும்; அடுத்த முறை அவள் கையை உயர்த்திப் பார்க்கட்டும், கண்ணாடியில் உள்ள உருவம் கையை உயர்த்தாமல் நிற்கட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தால் அந்த வெப்பத் தடம் சில நொடிகள் திரையில் வெளிச்சமாகத் தெரிந்து மங்கும். உங்கள் கதையில் தடம் கறுப்பாக, சுவரைவிடக் குளிர்ந்ததாக இருக்கட்டும். அவன் தன் கையுறையைக் கழற்றி அதன்மீது கையை வைத்துப் பார்க்கிறான். அளவு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தீயணைப்பு வீரர்கள் பேய் பிசாசை நம்ப மாட்டார்களே, அவர்களை எப்படி நம்ப வைப்பது?

பதில்: நம்பாதவராகவே இருக்கட்டும், அதுதான் கதைக்கு வலு. ஒரு வீட்டில் காலடி ஓசை கேட்கிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது என்று அழைப்பு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது கார்பன் மோனாக்சைடு அளவைத்தான். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, நெஞ்சை அழுத்தும் உணர்வு, மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது எல்லாம் அதனால் வரலாம். அமெரிக்கக் கண் மருத்துவர் வில்மர் 1921-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவர்கள் குடியேறிய பழைய வீட்டில் காலடிகள் கேட்டன, உருவங்கள் தெரிந்தன. கடைசியில் பழுதான அடுப்புலையிலிருந்து கசிந்த வாயுவே காரணம் என்று தெரிந்தது. 1998-இல் விக் டாண்டி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தம் ஆய்வகத்தில் தெரிந்த சாம்பல் நிற உருவத்துக்கு, ஒரு மின்விசிறி எழுப்பிய ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அது காதுக்குக் கேட்காத ஒலி.

இவற்றையெல்லாம் உங்கள் பாத்திரங்கள் அறிந்தே இருப்பார்கள். எனவே அவர்கள் அளவுமானியுடன் வீட்டுக்குள் நுழையட்டும், அறை அறையாகப் பார்க்கட்டும். எல்லா அறையிலும் அது சுழியம் காட்டட்டும். வாசகர் அந்தச் சுழியத்தைக் கண்டு அஞ்சுவார்.

கேள்வி: நாயகியை நாயகன் தீயிலிருந்து தூக்கி வரும் காட்சி கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உடன் பணிபுரிபவர்களின் காதலில் இருவரும் சமம். தூக்கி வரும் காட்சி அவளை அந்த நொடியே வெளியாளாக்கிவிடுகிறது. அவள் தூக்கி வந்தாலும் இதே குறைதான்.

அதற்குப் பதிலாகக் காற்றின் கணக்கை எழுதுங்கள். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 2,000 லிட்டர் வரும். நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 50 நிமிடம். படியேறி, சுமந்து, அஞ்சி மூச்சு வாங்கினால் அது பாதியாகும். காற்று குறைந்ததும் சுவாசக் கருவியின் எச்சரிக்கைச் சீழ்க்கை ஒலிக்கத் தொடங்கும். ஒன்றாக உழைத்தவர்களுக்குத் துணைவரின் மூச்சு மனப்பாடம்: இவர் படிக்கட்டில் அதிகம் இழுப்பார், இவர் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகே சமநிலைக்கு வருவார் என்று சொல்லிவிடுவார்கள். அவளுடைய சீழ்க்கை எப்போது ஒலிக்கும் என்பதை அவன் தன் அளவுமானியைப் பார்க்காமலே அறிந்திருக்கிறான். இன்று ஏழு நிமிடம் முன்பே ஒலிக்கிறது. அவள் பங்குக் காற்றை யார் சுவாசித்தார்? உங்கள் ஆவிக்கதையும் காதல் கதையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

இன்னும் மெல்லிய காட்சி வேண்டுமானால், உள்ளே போவதற்கு முன் ஒருவர் மற்றவரின் கவசத்தைச் சரிபார்க்கும் அரை நிமிடம் இருக்கிறது. காலரைத் தூக்கிவிடுதல், கழுத்தில் தோல் வெளித்தெரிகிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தல், வாரை இழுத்து இறுக்குதல் எல்லாமே விதிப்படி செய்பவை. ஆனால் ஒரு நாள் அந்த விரல் தேவைக்கு மேல் ஒரு நொடி நிற்கிறது.

கேள்வி: நாயகன் நிலைய அதிகாரி, நாயகி அவருக்குக் கீழ் பணிபுரிபவர். சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. ஒருவரை உள்ளே அனுப்பும் ஆணை மற்றவரிடம் இருந்தால் அந்தக் காதலில் விருப்பமும் பணிவும் பிரித்தறிய முடியாதவையாகிவிடும். இருவரையும் ஒரே நிலையில் வையுங்கள். அதிகாரியாகத்தான் இருக்க வேண்டுமென்றால், காதலை வெளிப்படுத்துமுன் அவர் வேறு ஷிப்டுக்கு மாற்றம் கேட்கட்டும்.

கேள்வி: சிற்றூருக்கு ஒரு பழைய துயரம் வேண்டும். உண்மையான ஊர் எதையாவது பார்த்துக் கற்கலாமா?

பதில்: இரண்டு ஊர்களைப் படித்துப் பாருங்கள். 1871 அக்டோபர் 8 இரவில் அமெரிக்காவின் பெஷ்டிகோ என்ற மரத்தொழில் ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 1,200 முதல் 2,500 பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஆற்றுக்குள் இறங்கி நின்றவர்களில் பலர் பிழைத்தார்கள். அடையாளம் தெரியாத சுமார் 350 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அதே இரவில் சிகாகோவும் எரிந்ததால் உலகம் அந்தப் பெருநகரத்தையே நினைவில் வைத்துக்கொண்டது. மறக்கப்பட்டவர்களின் ஆவி என்ன கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழிவாங்குவதைவிட, தன் பெயரை யாராவது சொல்ல வேண்டும் என்றே கேட்கும்.

மற்றொன்று பென்சில்வேனியா மாநிலத்தின் சென்ட்ரேலியா. 1962-இல் அதன் அடியிலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் பற்றிய தீ இன்னும் எரிகிறது. 1980 வாக்கில் ஏறக்குறைய 1,000 பேர் இருந்த ஊரில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருக்கிறார்கள். 2002-இல் அஞ்சல் குறியீடும் பறிக்கப்பட்டது. காலடியிலேயே அணைக்க முடியாத தீ இருக்கும் ஊரில் தீயணைப்பு வீரராக இருப்பதன் மனநிலையை ஒரு முழு அத்தியாயத்துக்கு எழுதலாம்.

எந்த ஊரானாலும் ஒன்றை மறவாதீர்கள். பெருநகர வீரர் முன்பின் தெரியாதவரின் கதவை உடைக்கிறார்; சிற்றூர் வீரர் தன் பள்ளித்தோழனின் கதவை உடைக்கிறார். அந்த ஊரில் இறந்தவர் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும்.

கேள்வி: நிலையத்துக்குள் அமானுஷ்யத்தைக் காட்ட ஒரு பொருள் சொல்லுங்கள்.

பதில்: கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் ஒரு மின்விளக்கு 1901 முதல் எரிகிறது. இப்போது அதன் ஒளி 4 வாட் அளவுதான். 2013 மே மாதத்தில் ஒருநாள் அது அணைந்தபோது ஆயுள் முடிந்தது என்றே எண்ணினார்கள்; பழுதானது விளக்கன்று, அதற்கு மின்சாரம் தந்த கருவி. சில மணி நேரத்தில் மீண்டும் எரிந்தது. உங்கள் நிலையத்திலும் யாரும் அணைக்கத் துணியாத ஒரு விளக்கு இருக்கலாம்.

கேள்வி: ஐயா, என் கதையில் ஆவியாக வருபவர் நாயகியின் முன்னாள் காதலர், அதே நிலையத்தில் பணியாற்றித் தீயில் இறந்தவர். புதிய காதலுக்கு அவர் தடையாக இருப்பதா, துணையாக இருப்பதா?

பதில்: முதலில் தடையாகத் தோன்றட்டும், ஆனால் கெட்டவராக்கிவிடாதீர்கள். தன்னுடன் வருபவரைக் கைவிடக்கூடாது என்று பயின்றவர் இறந்த பிறகும் அதையே செய்கிறார் என்றால், காலணியைப் பிடித்திருந்த அந்த மூன்றாவது கை யாருடையது என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. அவர் பிடித்திருந்தது நாயகியின் காலையன்று, நாயகனின் காலை என்பதைக் கவனியுங்கள்.

சில நாடுகளில், பணியில் இறந்த வீரரின் இறுதிச் சடங்கில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவரைக் கம்பியில்லாப் பேசுகருவியில் அழைப்பார்கள். பதில் வராது. மீண்டும் அழைப்பார்கள். மூன்றாவது முறையும் மௌனமே வந்தபின், அவர் பணியை நிறைவு செய்துவிட்டார் என்று அறிவிப்பார்கள். உடனிருந்தவர்கள் அந்த மௌனத்தில்தான் அழுவார்கள். உங்கள் கதையில் அந்தச் சடங்கு நடந்தபோது நாயகி வரவில்லை. கேட்கும் துணிவு இல்லை. அதனாலேயே இறந்தவரும் போகவில்லை.

எனவே கடைசிக் காட்சியில், இரவுப் பணியில், அவளே மைக்கை எடுத்து அழைக்கட்டும். புதியவன் அருகில் நிற்கட்டும். அவளைத் தொட வேண்டாம். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு குரல் எதுவும் வேண்டாம். பேச முடியாத நேரத்தில் செய்தி கிடைத்ததைத் தெரிவிக்க மைக்கின் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விடும் வழக்கம் உண்டு. அந்த இரண்டு சிறு ஓசைகள் மட்டும் வரட்டும். பிறகு அவள் புதியவனின் முகத்தைப் பார்க்கிறாள், அவனுக்கும் அது கேட்டது என்பது தெரிகிறது.