தோட்டக் கேள்வி-பதில்: சாத்துக்குடி எப்படி ஜம்பேரி ஆனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலுமிச்சை வகைகள். மிச்சம் டிராகன், ரம்புட்டான், பட்டர் ஃப்ரூட். பலர் செடிக்கு என்ன வயது, தொட்டியா தரையா என்பதைக்கூட எழுதவில்லை. அது தெரியாமல் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? அடுத்த முறை கட்டாயம் எழுதுங்கள்.

விதை போட்டு முளைத்த எலுமிச்சை. மூன்று வருஷமாகியும் ஒரு பூ இல்லை. வெட்டிவிடலாமா? (விருதுநகர்)

வெட்டாதீர்கள். விதைக்கன்று காய்க்க நாலைந்து வருஷமாகும். எலுமிச்சையில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் குணத்தோடுதான் வளரும். அதனால் காத்திருப்பது வீண் போகாது. தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். நிழலில் நின்றால் பத்து வருஷமானாலும் இலைதான் மிஞ்சும்.

இளம் இலைகளில் வெள்ளிக் கம்பி போலக் கோடு விழுந்து சுருண்டுபோகின்றன. (ஓசூர்)

இலைத்துளைப்பான். கோடு விழுந்த இலையை ஒன்றும் செய்ய முடியாது, கிள்ளவும் வேண்டாம். அடுத்த துளிர் நகக்கண் அளவு வந்ததும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். துளிர் முற்றும்வரை வாரம் ஒரு முறை. அந்தக் காயங்கள் வழியாகத்தான் மழைக்காலத்தில் சொறி நோய் உள்ளே போகிறது.

பறவை எச்சம் மாதிரி இருந்த புழு இப்போது பச்சையாகிவிட்டது. தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடுகிறது. விஷமா? (காரைக்குடி)

விஷமில்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னச் செடி என்றால் கையால் பொறுக்கிவிடுங்கள். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதிலும் தேடுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்.

நாலு வருஷம் முன்பு சாத்துக்குடி ஒட்டுக்கன்று நட்டேன். நன்றாக வளர்ந்து, இப்போது நிறையக் காய்க்கிறது. ஆனால் தோல் சொரசொரவென்று தடித்து, வாயில் வைக்க முடியாத புளிப்பு. என்ன உரம் போட்டால் இனிக்கும்? (திருச்சி)

எந்த உரமும் இனிக்க வைக்காது. உங்களிடம் இருப்பது சாத்துக்குடியே இல்லை, அநேகமாக ஜம்பேரி என்ற முரட்டு எலுமிச்சை.

சாத்துக்குடியை ஜம்பேரி, ரங்பூர் லைம் போன்ற வேர்ச்செடிகளில் மொட்டுக் கட்டித்தான், அதாவது அவற்றின் தண்டில் சாத்துக்குடியின் துளிர் மொட்டை வைத்து ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். கட்டிய மொட்டு செத்துப்போனாலோ, கீழிருந்து கிளம்பிய போத்து அதை அமுக்கிவிட்டாலோ, வேர்ச்செடியே மரமாகிவிடும். ஜம்பேரிக்கு வீரியமும் அதிகம், முள்ளும் அதிகம். 'நன்றாக வளர்ந்து' என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷ ஆதங்கம் உண்டு. தெருவுக்கு வந்த வண்டியில், காயோடு நின்ற மூன்று கன்றுகளை நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கினேன். மூன்றிலும் 'ஒட்டு' என்று அட்டை தொங்கியது. வீட்டில் பையைக் கிழித்துப் பார்த்தால், இரண்டில் அடி முதல் நுனி வரை தண்டில் ஒரு தழும்புகூட இல்லை. மூன்றாவதில் ஒட்டு இருந்தது, மண்ணுக்கு மூன்று அங்குலம் கீழே! முதல் மழையிலேயே அழுகிப்போனது. பணம்கூடப் போகட்டும், நீங்கள் நாலு வருஷம் தண்ணீர் ஊற்றிய உழைப்பை யார் திருப்பித் தருவார்கள்?

அதனால் காயைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள். பையைக் கையில் எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். ஒரு சாண் உயரத்துக்குள் தண்டு லேசாக வளைந்து, பட்டையின் நிறம் மாறுகிற இடம் தெரிய வேண்டும். விரலால் தடவினால் முட்டு தட்டுப்படும். அதற்கு மேலே வருவது சாத்துக்குடி. கீழே வருகிற துளிர் எவ்வளவு அழகாக இருந்தாலும் உடனே கிள்ளிவிடுங்கள். நடும்போது அந்த முட்டு மண்ணுக்கு மேல் அரை அடியாவது நிற்கட்டும். தூரில் மண் அணைக்காதீர்கள், தண்ணீரும் நிற்கக் கூடாது.

இப்போது உங்கள் மரத்துக்கு வருவோம். ஒட்டுக்கு மேலே ஒரு கிளையாவது வேறு மாதிரி இலையோடு இருக்கிறதா என்று தேடுங்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனையிலேயே வித்தியாசம் தெரியும். அப்படி ஒன்று இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, கீழிருந்து வந்த மற்றவற்றை அடியோடு வெட்டுங்கள். இல்லையென்றால் மரத்தை இரண்டடியில் வெட்டி, வருகிற புதுத் துளிரில் தெரிந்தவரைக் கொண்டு சாத்துக்குடி மொட்டுக் கட்டச் சொல்லுங்கள். வேர் நல்ல வேர்தான், அதை ஏன் இழக்க வேண்டும்?

நாரத்தை மரத்தின் அடியில் பிசின் வடிகிறது. பட்டை வெடித்திருக்கிறது. (தஞ்சாவூர்)

தூரில் தண்ணீர் நிற்கிறது, வேறென்ன! மரத்தை ஒட்டிப் பாத்தி கட்டாமல் இரண்டடி தள்ளி வட்டமாகக் கட்டுங்கள். அழுகிய பட்டையை நல்ல பகுதி தெரியும்வரை கத்தியால் சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். பாதித் தண்ணீரில் துத்தத்தையும் மீதியில் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. கலந்தபின் பளபளப்பான ஆணியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். ஆணியில் செம்பு சிவப்பாகப் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

எலுமிச்சை இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து? (ஊர் எழுதவில்லை)

எந்த இலை? கொழுந்தா, முற்றிய இலையா? கொழுந்தில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் வெளுத்தால் துத்தநாகமோ இரும்போ கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீர் பாயும் இடத்திலும், கட்டட இடிபாடு கலந்த மண்ணிலும் இது சகஜம். துத்தநாகக் குறை என்றால் துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதில் பாதியளவு சுண்ணாம்பு சேர்த்துத் துளிரில் தெளியுங்கள். அடி இலைகள் முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தினமும் தண்ணீர் ஊற்றி வேரை மூச்சு முட்ட வைக்கிறீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்தபின் ஊற்றினால் போதும்.

டிராகன் நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. (மதுரை)

டிராகன் பூ ராத்திரியில் மலர்ந்து, காலை வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். சில ரகங்களுக்குத் தன் மகரந்தம் ஒத்துவராது. இரவு ஒன்பது, பத்து மணிக்கு டார்ச்சோடு போய், வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து, பூவின் நடுவில் நட்சத்திரம் போல விரிந்திருக்கும் சூல்முடியில் தடவுங்கள். ஒரே ரகம்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னொன்றையும் நடுங்கள்.

தின்ற ரம்புட்டான் விதை முளைத்திருக்கிறது. சென்னை மாடியில் காய்க்குமா? (சென்னை)

நம்பாதீர்கள். விதைக்கன்றில் ஆண் மரம் வர நிறைய வாய்ப்பு, அது காய்க்காது. ரம்புட்டானுக்குக் குற்றாலம், பர்லியாறு மாதிரி ஈரக்காற்று வேண்டும்.

மதுரையில் பட்டர் ஃப்ரூட் வருமா?

வளரும், காய்ப்பது சிரமம். தாண்டிக்குடிப் பக்கத்து மலை அதற்கு ஏற்ற இடம். அங்கேயுள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம்தான் டி.கே.டி.1. ஆசை விடவில்லையென்றால் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். அதிலும் அடித்தண்டைப் பார்த்து வாங்குங்கள். தூரில் தண்ணீர் நின்றால் எலுமிச்சையைவிட வேகமாகச் சாகும்.

சொறி விழுந்த எலுமிச்சையைச் சாப்பிடலாமா? (சிவகாசி)

தாராளமாக. சொறி தோலோடு சரி, சாற்றில் ஒன்றுமில்லை. ஊறுகாய்க்கு மட்டும் சுத்தமான காயாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.