எக்ஸ்ரே நார்மல், ஆனால் மூக்கு அடைத்திருக்கிறதே?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நேற்று மாலை விளையாடும்போது மூக்கில் பந்து பட்டது. ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். ஆனால் இன்று காலையிலிருந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, வாயால்தான் மூச்சு விடுகிறான். வீக்கம் வடியும்வரை காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மூக்கின் மேற்பகுதி மட்டும்தான் எலும்பு. கீழ்ப்பகுதியும், இரு துவாரங்களுக்கு நடுவே உள்ள சுவரின் முன்பகுதியும் குருத்தெலும்பு. அதில் பட்ட அடி எக்ஸ்ரேயில் தெரியாது. இந்த எக்ஸ்ரேயை நம்பி வீட்டில் இருந்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியுள்ள மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. இடையில் ரத்தம் தேங்கிச் சவ்வு பிரிந்துவிட்டால், இரண்டு மூன்று நாட்களிலேயே குருத்தெலும்பு அழுக ஆரம்பிக்கலாம். நடுச்சுவரில் ஓட்டை விழலாம், மூக்குத்தண்டு குதிரைச் சேணம்போல உள்வாங்கிவிடலாம். சிறுவர்களுக்கு மூக்கின் வளர்ச்சியே பாதிக்கப்படும். சீழ் பிடித்தால், அபூர்வமாக மூளைவரை கிருமி பரவுவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் தேவையில்லை. துவாரத்தை விரித்து, வெளிச்சத்தில் இரு பக்கமும் பார்ப்பார்கள். நடுச்சுவர் சிவந்தோ நீலம் பாரித்தோ உப்பியிருந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டால் மெத்தென்று அமுங்கினால், அது ரத்தக்கட்டு. அடைப்புக்குப் போடும் சொட்டு மருந்தில் அது சுருங்காது. சாதாரண வீக்கமென்றால் ஓரளவு சுருங்கும்.

ரத்தக்கட்டு என்றால் சிறிதாகக் கீறி வடித்துவிட்டு, மறுபடி தேங்காமலிருக்கத் தையலோ பஞ்சுக்கட்டோ போடுவார்கள். ஆன்டிபயாடிக்கும் தருவது வழக்கம். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுத்தே செய்வார்கள். பயப்பட வேண்டாம், சின்ன சிகிச்சைதான்.

இன்று ரத்தக்கட்டு இல்லை என்று சொன்னாலும், ஓரிரு நாளில் மறுபடி காட்டுங்கள், தாமதமாகவும் சேரலாம். காய்ச்சல், கடும் தலைவலி, தொடர் வாந்தி, அசாதாரணத் தூக்கக் கலக்கம், மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகுதல், இவற்றில் எது இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூக்கு கோணியிருக்கிறதா என்பது வீக்கம் வடிந்தால்தான் சரியாகத் தெரியும். அதை மூன்று முதல் ஐந்து நாளில் பார்த்துக்கொள்ளலாம். நிமிர்த்த வேண்டியிருந்தால், சிறுவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளுக்குள் செய்வது நல்லது.