பள்ளித் துப்பாக்கிச் சூடு பற்றிய செய்திகள் அடுத்த தாக்குதலைத் தூண்டுகின்றனவா?

தூண்டுகின்றன என்றுதான் நினைக்கிறேன். நடந்ததைச் சொல்வதால் அல்ல, கொன்றவனையே நாள்கணக்கில் காட்டிக்கொண்டிருப்பதால்.

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். உலகமே தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டே நாளில் கனடாவில் டேபர் என்ற சின்ன ஊரின் பள்ளிக்குள் 14 வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து ஒரு மாணவனைக் கொன்றான்.

எனக்கு மனசே ஆறாதது 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. விடுதியில் இருவரைக் கொன்ற மாணவன் அதன்பின் தபால் நிலையத்துக்குப் போய், என்பிசி தொலைக்காட்சிக்கு ஒரு பார்சல் அனுப்பினான். துப்பாக்கியோடு எடுத்த படங்களும் தான் பேசிய வீடியோக்களும் அதில் இருந்தன. கொலம்பைன் கொலையாளிகளைத் தியாகிகள் என்று சொல்லியிருந்தான். அனுப்பிவிட்டு வந்து மேலும் 30 பேரைக் கொன்றான். செய்தியில் வரவேண்டும் என்பதும் அவன் திட்டத்தில் ஒரு பகுதி. என்பிசி இரண்டே நாளில் அதை ஒளிபரப்பியது! பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் அதைப் பார்த்து எப்படித் துடித்திருப்பார்கள்? சில குடும்பங்கள் அந்தத் தொலைக்காட்சிக்குத் தருவதாக இருந்த பேட்டியை ரத்து செய்தன.

ஒரு பள்ளித் தாக்குதலுக்குப் பின் சராசரியாக 13 நாள் வரை இன்னொன்று நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் அது செய்திகளை நேரடியாக அளந்த ஆய்வு அல்ல. மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. செய்தி மட்டுமே ஒருவனைக் கொலைகாரன் ஆக்கிவிடாது என்பதும் சரிதான். கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருக்க வேண்டும், அதற்கு முன்பே அவன் மனம் எங்கோ முறிந்திருக்க வேண்டும்.

செய்தி எழுதும் விதம் உயிரைக் காக்கும் என்பதற்கு ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் சாட்சி. 1980களில் அங்கே சுரங்க ரயில் முன் பாய்ந்து தற்கொலை செய்வது பெருகியது. 1987இல் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதுவதை நிறுத்தின. எண்ணிக்கை சட்டென்று குறைந்தது.

அப்புறம், மறைப்பதா என்று கேட்பார்கள். கொலையாளி தப்பி ஓடிக்கொண்டிருந்தால் பெயரும் படமும் வரத்தான் வேண்டும். பிடிபட்டபின், அல்லது செத்தபின், அவன் முகம் எதற்கு? 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் கொலையாளியின் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றார். அதனால் அந்நாட்டு மக்களுக்குத் தெரியவேண்டிய எதுவும் தெரியாமல் போய்விடவில்லை.