மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்த பிறகும் அம்மா 5 வருடம் லெட்ரோசோல் சாப்பிட வேண்டுமா?

ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூட்டு வலியோ தாங்கவில்லை, அதனால் அம்மா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்து ஈ.ஆர்., பி.ஆர். என்ற வரிகளைப் பாருங்கள், புற்றுநோய் செல்லில் ஹார்மோன் ஒட்டும் இடங்கள் இருக்கின்றனவா என்று சொல்பவை அவை. ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கிடைத்தால் வளர்கிற வகை. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் எங்காவது தங்கியிருந்து 10, 15 வருடம் கழித்துக்கூடத் தலைதூக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், பலருக்கு இது தெரிவதில்லை. லெட்ரோசோல் அந்த உற்பத்தியைத்தான் தடுக்கிறது. தமாக்சிஃபென் என்ற இன்னொரு மாத்திரைக்கு வேறு வழி, ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை 5 வருடம் சாப்பிட்டவர்களிடம் 15 வருடக் காலத்தில் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் தருகிறது.

சரி, வலி? காலையில் எழுந்ததும் காபி டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது, அது நிஜமான பக்க விளைவு. 'வயசானா அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். தினசரி நடையும் உடற்பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன. மாத்திரையை அதே வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரசோலுக்கோ எக்ஸெமெஸ்டேனுக்கோ டாக்டரிடம் கேட்டு மாற்றிப் பார்க்கலாம், அதுவும் ஒத்துவராவிட்டால் தமாக்சிஃபென். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து, டாக்டர் அவர் சாப்பிடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், தமாக்சிஃபெனுக்கு மாற்றினால், முன்பு காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.